வெறும் வயிற்று ரிப்போர்ட்

முப்பத்தொரு வருடம் நான் மனிதர்களின் முகத்தைவிட முழங்கை மடிப்பைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். கண்டி பஸ் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுப்பதும், அதில் சீனி எவ்வளவு என்று பார்ப்பதும் என் வேலை. இன்றைக்கும் மார்க்கெட்டில் யாராவது "மிஸ், நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் ஆளை மட்டுக்கட்ட முடியாமல் விழிப்பேன். சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினால் ஒருவேளை தெரியும்.

போன மாதம், அங்கே இப்போது வேலை செய்யும் பிள்ளைகளில் ஒருத்தி எனக்குப் போன் எடுத்தாள். "மிஸ், ஒரு ஆளுக்கு வெறும் வயித்துல சீனி நார்மல்னு வந்திருக்கு. ஆளு நல்ல குண்டு, கழுத்தெல்லாம் கறுப்பா இருக்கு. மெஷின் பிழையா இருக்குமா? திரும்பப் போட்டுப் பாக்கவா?"

மெஷினில் பிழை இல்லை என்றேன். "அப்ப எப்படி மிஸ்?" என்று கேட்டாள். சொல்லத் தொடங்கினேன். பாதியில் நிறுத்தினேன். பிறகு பேசுவதாகச் சொல்லி போனை வைத்துவிட்டேன். அவளுக்குச் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஹேவாஹெட்ட பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். பத்தாம் வகுப்பை முடித்துவிட்டுக் கண்டிக்கு வந்தது போத்தல் கழுவுகிற வேலைக்கு. போத்தல் கழுவியவள் மெல்ல ஊசி பிடித்தாள், பிறகு பரீட்சை எழுதிச் சான்றிதழும் வாங்கினாள். நடுவில் இரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தது இரண்டு தரம். என் படிப்புக் கதை அவ்வளவுதான். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை, குறைப்படவும் ஒன்றும் இல்லை.

அந்தக் காலத்தில் விரல் நுனியைக் குத்தினால் இலக்கம் காட்டுகிற கருவி எங்களிடம் கிடையாது. நரம்பில் எடுத்த இரத்தத்தை, கொஞ்சம் வெள்ளைத் தூள் போட்ட சின்னப் போத்தலில் விடுவோம். அந்தத் தூள் இல்லாவிட்டால் இரத்த அணுக்களே சீனியைத் தின்று தீர்த்துவிடும். பிறகு சுழற்றும் இயந்திரத்தில் வைத்து, மேலே தெளிந்து நிற்கிற மஞ்சள் நீரை எடுத்து, மருந்து கலந்து, இளஞ்சூட்டு நீரில் வைத்திருப்போம். நீர் இளஞ்சிவப்பாக மாறும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு சீனி. இலக்கம் வருவதற்கு முன்பே நிறத்தைப் பார்த்து எனக்குத் தெரிந்துவிடும்.

சோதனை இரண்டு வகை. இரவு முழுக்கச் சாப்பிடாமல் காலையில் வந்து கொடுப்பது ஒன்று. அது எல்லோருக்கும் தெரிந்தது. மற்றது, அதற்குப் பிறகு எழுபத்தைந்து கிராம் குளுக்கோசைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, இரண்டு மணித்தியாலம் கதிரையிலேயே உட்கார்ந்திருந்து திரும்பவும் இரத்தம் கொடுப்பது. நடக்கக்கூடாது, வெற்றிலை போடக்கூடாது, சிகரெட் கூடாது. வாந்தி எடுத்தால் சோதனை முறிந்தது, இன்னொரு நாள் வரவேண்டும். இந்த இரண்டாவதை யாருக்கும் பிடிக்காது. நேரம் போகிறது என்பார்கள். உண்மையில் பயம்.

எங்கள் சனங்கள் இரத்தப் பரிசோதனைக்குப் பரீட்சைக்குப் போவதுபோலத் தயாராகி வருவார்கள். மூன்று நாள் சோற்றைக் குறைத்து, பாகற்காய்ச் சாறு குடித்து, முதல் நாள் பின்னேரம் வாவியைச் சுற்றி வேர்க்க வேர்க்க நடந்துவிட்டு வருவார்கள். ரிப்போர்ட் சரியென்று வந்தால் வாசல் தாண்டுவதற்குள் முகம் மலர்ந்துவிடும். நேரே போய் ஒரு பிளேன்டீயும் இரண்டு வடையும். "பாஸாகிட்டேன் மிஸ்!" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனது நினைவிருக்கிறது. நானும் சிரித்தேன்.

எங்கள் பெரிய டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று எங்களிடம் வந்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நோயாளியைத் தொடுவதற்கு முன் அவர்கள் கண் முன்னாலேயே சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவார். இலக்கத்தைச் சொல்வதற்கு முன் "நேற்று என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்பார். கெட்ட செய்தியென்றால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் பேசுவார். கண்ணாடி இல்லாமல் எதிரே இருப்பவரின் முகம் அவருக்குத் தெரியாது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

ரிப்போர்ட்டுகளை நான் டைப் செய்து மத்தியானம் அவர் மேசையில் வைப்பேன். ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டே வரிசையாகக் கையெழுத்துப் போடுவார். தாளைப் பார்க்க மாட்டார். அவ்வளவு நம்பிக்கை என்மேல். அதை நினைத்து அப்போது எனக்குத் தலைக்கனம்கூட இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் காலை லெட்சுமி அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அக்கா எங்கள் தோட்டத்தைச் சேர்ந்தவர், எனக்குப் பத்து வயது மூப்பு. கல்யாணம் முடித்து கட்டுகஸ்தோட்டைக்கு இறங்கி, புருசனும் தானுமாக ஒரு தேத்தண்ணிக் கடை போட்டு, அதைச் சைவக் கடையாக்கி நன்றாக வந்துவிட்டார்கள். ஒரே மகள் புவனா. இருபத்து நான்கு வயது. நல்ல நிறம், நல்ல சிரிப்பு, நூற்றித் தொண்ணூறு இறாத்தல் எடை, கிலோவில் எண்பத்தாறு. என்னைச் சித்தி என்பாள்.

"செல்வி, ஒரு நல்ல சம்பந்தம் வந்திருக்கு. மாத்தளைப் பக்கம். மாப்பிள்ள ஸ்கூல் மாஸ்டர்" என்றார் அக்கா. "நகை நட்டுன்னு ஒண்ணும் கேக்கல. மாப்பிள்ளையோட அப்பா சீனி வருத்தத்துல கால் எடுத்துச் செத்தவராம். அதனால மாப்பிள்ளையோட அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேக்குது. புள்ளைக்குச் சீனி இல்லன்னு ஒரு ரிப்போர்ட்."

டொக்டர் புவனாவை உட்காரவைத்துப் பார்த்தார். தலைமயிரை அவள் கழுத்தை மூடி விரித்துப் போட்டிருந்தாள். அதை ஒதுக்கச் சொன்னார். பிடரி முழுக்க மைபூசினமாதிரிக் கறுத்து, தோல் தடித்திருந்தது. அக்கா அவசரமாக, "இவ ஒழுங்கா குளிக்கிறதில்ல ஐயா. எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சுப் பாத்துட்டேன், கல்லுப் போட்டும் தேய்ச்சுப் பாத்துட்டேன்" என்றார்.

"அது ஊத்தை இல்லை அம்மா" என்றார் டொக்டர். "பிள்ளையில ஒரு பிழையும் இல்லை. அது உள்ளுக்கு இருக்கிற இன்சுலின் கூடிப்போனதால வாறது."

புவனா குனிந்தபடி அழுதாள். எத்தனை வருடமாக அந்தக் கழுத்துக்குத் திட்டு வாங்கியிருப்பாளோ தெரியாது. அவள் அழுததைப் பார்த்து எனக்கும் கண் கலங்கியது.

டொக்டர் விளக்கிச் சொன்னார். "எங்கட வயித்துக்குள்ள கணையம் எண்டு ஒண்டு இருக்கு. அதுதான் இன்சுலின் சுரக்கிறது. சாப்பாட்டில வாற சீனியை உடம்புக்குள்ள எடுக்கச் சொல்லி இன்சுலின் சொல்லவேணும். வயித்திலயும் ஈரலிலயும் கொழுப்புக் கூடினா உடம்பு அந்தச் சொல்லைக் கேக்காது. ஒருக்காச் சொல்லிக் கேக்காட்டி மூண்டு தரம் சொல்லவேணும் எல்லோ? அப்பிடி இந்தப் பிள்ளையின்ர கணையம் இப்ப மூண்டு மடங்கு வேலை செய்யுது. அது செய்யிற வரைக்கும் வெறும் வயித்து ரிப்போர்ட் சரியாத்தான் வரும். களைச்சு விழேக்கதான் எங்களுக்குத் தெரியவரும். அப்ப கனக்கப் பிந்திப் போயிருக்கும்."

பிறகு அக்காவிடம் கேட்டார். "நீங்கள் பிள்ளை வயித்தில இருக்கேக்க நல்லாச் சாப்பிட்டனீங்களோ?"

அக்கா சிரித்தார். "லயத்துல என்னாங்கய்யா சாப்பாடு? கோதும ரொட்டிய நாலாக் கிழிச்சு ஆளுக்கொரு துண்டு."

"பசி கிடந்த தாயின்ர பிள்ளைக்குச் சில நேரம் கணையமும் பலமில்லாமல்தான் வரும். பிறகு கொஞ்சம் சதை போட்டாலும் தாங்காது" என்றார். "ரெண்டு சோதனையும் செய்வம். இன்னும் காலம் இருக்கு. பதினைஞ்சு, இருபது இறாத்தல் குறைச்சு, நடந்து திரிஞ்சா அந்தக் கணையத்துக்கு ஆறுதல் கிடைக்கும். தப்பலாம்."

வெளியே வந்ததும் அக்கா என் காதருகில் பொருமினார். "எம்புள்ளைக்குத் தட்டு நெறைய சோறு போடுறது தப்பாடி? நீயும் நானும் பட்டது அவளும் படணுமா?" அக்காவைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. எங்கள் ஆட்களில் ஒருத்தி குண்டாக இருப்பதைப் பார்த்தால் எனக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். பசி தெரியாமல் ஒரு பிள்ளை வளர்ந்திருக்கிறதே என்று.

முதல் இரத்தம் எடுத்தேன். சதைப் பிடிப்பான கை, நரம்பு கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே குத்தில் எடுத்தேன். குளுக்கோஸ் தண்ணீரில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தேன். "சித்தி, இத ஐஸ் போட்டுக் கொடுத்தா எங்க கடையில விக்கலாம்" என்றாள். இரண்டு மணித்தியாலமும் என்னோடு கதைத்துக்கொண்டே இருந்தாள். மாப்பிள்ளையின் படத்தைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். "கொஞ்சம் முறைக்கிறமாதிரி இருக்காருல்ல சித்தி?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தாள்.

வெறும் வயிற்றில் தொண்ணூற்று நாலு, சரியான அளவு. இரண்டாவது போத்தலின் நிறத்தைப் பார்த்தபோதே என் மனம் சரியில்லை. இருநூற்றுப் பதினொன்று; இருநூறைத் தொட்டாலே சீனி வருத்தம்தான். மருந்து பழுதோ என்று இன்னொரு தரமும் செய்து பார்த்தேன். அதேதான். இரண்டு இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்தில் என் கையால் எழுதினேன்.

அடுத்த நாள் ரிப்போர்ட் எடுக்க அக்கா மட்டும் வந்தார். நான் விசயத்தைச் சொன்னேன். அவர் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"செல்வி, அந்தம்மா சீனி ரிப்போர்ட்டுன்னுதான் கேட்டுச்சு. எத்தன ரிப்போர்ட்டுன்னு கேக்கல. வெறும் வயித்துல எடுத்தது மட்டும் தனியா ஒரு தாள்ல அடிச்சுக் கொடுத்துரு. அது பொய்யில்லையே. நீயேதானே எடுத்த?"

"அவளுக்குத் தெரியணுமே அக்கா."

"நான் சொல்லிக்கிறேன். கல்யாணம் முடியட்டும். நானே டொக்டருகிட்ட கூட்டிவந்து மருந்து வாங்கிக் கொடுக்கிறேன். இது நின்னு போச்சுன்னா சீனிக்காரின்னு பேர் வந்துரும்டி. அதுக்கப்புறம் அவளுக்கு யாரு வருவா?"

அது பொய்யில்லை என்ற ஒரு சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். தனித் தாளில் தொண்ணூற்று நாலை மட்டும் டைப் செய்தேன். மத்தியானம் மற்றத் தாள்களுக்கு நடுவில் வைத்தேன். டொக்டர் செய்தி கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்துவிட்டு, "அந்தக் கழுத்துப் பிள்ளையின்ர ரெண்டு மணித்தியாலச் சோதனை என்ன மாதிரி?" என்று கேட்டார்.

"வாந்தி எடுத்துருச்சு சார். திரும்ப வரச் சொல்லியிருக்கேன்" என்றேன். எப்படி அவ்வளவு சுலபமாக வந்ததோ அந்த வார்த்தை.

கல்யாணம் நடந்தது. நானும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். சில மாதம் கழித்து அக்கா லட்டுப் பெட்டியோடு ஆய்வுகூடத்துக்கு வந்தார். புவனா உண்டாகியிருக்கிறாள். "அவகிட்ட சொல்லிட்டீங்களா அக்கா?" என்று கேட்டேன். "இந்த நேரத்துல எதுக்கு அவளப் பயங்காட்டிக்கிட்டு? பிரசவம் முடியட்டும்" என்றார். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது சீனி இருப்பது தாய்க்கும் பிள்ளைக்கும் எவ்வளவு ஆபத்து என்று அக்காவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். புவனா இருந்த மாத்தளைக்கான பஸ் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும். கை காட்டினால் நிற்கும். நான் ஏறவில்லை. லட்டைத் தின்றேன். அக்காவையும் டொக்டரையும் கல்யாணப் பேச்சையும் எத்தனை தரம் காரணம் காட்டினாலும், அந்த ஒரு நாளுக்கு என்னிடம் காரணமே இல்லை.

அந்த வருடம் மழைக்காலத்தில் வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மா வந்து டொக்டரைப் பார்க்கவேண்டும் என்றார். நான்தான் உள்ளே அழைத்துப் போனேன். பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த ஒரு தாளை மேசையில் வைத்தார். நான் டைப் செய்த தாள். அவர் மாப்பிள்ளையின் அம்மா என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கல்யாணக் கூட்டத்தில் தூரத்தில் பார்த்த முகம்.

"ஐயா, இது உங்க கையெழுத்துத்தானுங்களே? மருமகளுக்கு வயிறு ரொம்பப் பெருசா இருக்கு, ரத்தத்துல சீனி பாக்கணும்னு மிட்வைஃப் மிஸ் ரெண்டு தரம் சொன்னாங்க. நான்தான் இந்த ரிப்போர்ட்ட எடுத்துக் காட்டி, எங்க புள்ளைக்குச் சீனி இல்லன்னு அனுப்பிட்டேன். நல்ல வளத்தியான புள்ளன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேன். ஒம்பதாம் மாசம் புள்ள அசையல. பத்து இறாத்தல் ஐயா, ஆம்பளப் புள்ள. செத்தே பொறந்துச்சு. இப்ப அவளுக்குச் சீனி நிறைய இருக்குன்னு சொல்றாங்க." அவர் தாளைத் தொட்டுக் காட்டினார். "நான் அந்த டெஸ்ட்ட எடுக்க விட்டிருந்தா புள்ள இருந்திருக்குமா ஐயா? நானா கொன்னுட்டேன்?"

சண்டை பிடிக்க வந்திருப்பார் என்று நினைத்தேன். சண்டை பிடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

டொக்டர் பதிவுப் புத்தகத்தைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். பக்கத்தைப் புரட்டி, என் கையெழுத்தில் இருந்த இரண்டாவது இலக்கத்தின் மேல் விரலை வைத்தார். நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை.

"நீங்கள் இல்லை அம்மா" என்றார். "அண்டைக்குச் செய்த ரெண்டாவது சோதனையில சீனி இருந்தது. அது இந்தத் தாளில வரேல்லை. கையெழுத்து என்ர. வாசிக்காமல் போட்டனான். பிழை இந்த இடத்தில நடந்தது, உங்களில இல்லை."

நான் வாய் திறந்தேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். அந்த அம்மா கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, தாளை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து போனார். அதன் பிறகு டொக்டர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"நீர் வாந்தி எண்டல்லோ சொன்னனீர்."

வேலையிலிருந்து நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். நிறுத்தவில்லை. மறுநாள் மத்தியானம் தாள்களை வைத்தபோது ரேடியோவை அணைத்தார். கோடு போடுகிற அடிமட்டம் ஒன்றை எடுத்து, வரிக்கு வரி கீழே வைத்து, பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டு வாசித்தார். பிறகுதான் கையெழுத்து. அவர் எங்களிடம் வேலை செய்த கடைசி நாள் வரை அப்படித்தான். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். என்னை ஒருநாளும் கடிந்து பேசவில்லை. பேசியிருக்கலாம்.

மூன்று நாலு மாதம் கழித்து ஒரு காலையில் வரிசையில் புவனா நின்றாள். எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. பாதியாகிப் போயிருந்தாள். சீனி கூடிப்போய் உடம்பை உருக்கியிருந்தது. இன்சுலின் ஊசி போடுகிறாளாம். கட்டுகஸ்தோட்டையில் அம்மா வீட்டில் இருக்கிறாளாம். புருசன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போகிறாராம். இதெல்லாம் நான் கேட்டு அவள் சொன்னது. கதிரையில் உட்கார்ந்து கையை நீட்டினாள். இப்போது நரம்பு நன்றாகத் தெரிந்தது. ஊசியை எடுத்தேன்.

"சித்தி, அம்மா எல்லாம் சொல்லிருச்சு" என்றாள். கோபமில்லாத குரல். "அம்மாவுக்குப் பயம், எனக்கு விளங்குது. நீங்க ஏன் அம்மாகிட்ட மட்டும் சொன்னீங்க? எனக்குத்தானே குத்துனீங்க?"

மன்னித்துக்கொள் என்றுகூட நான் கேட்கவில்லை. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு அழுதேன். வரிசையில் நின்றவர்கள் என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு இரத்தம் எடுத்தேன். அவளை இருக்கச் சொல்லி, வேலையை முடித்து, ரிப்போர்ட்டை அவள் கையிலேயே கொடுத்தேன். அதிலிருந்த ஒவ்வொரு இலக்கத்தையும் சொன்னேன். அன்றைக்கு வெறும் வயிற்றில் ஏன் தொண்ணூற்று நாலு வந்தது, அவளுடைய கணையம் அதற்காக எவ்வளவு பாடுபட்டது, குளுக்கோஸ் குடித்த பிறகு ஏன் முடியாமல் போனது, உடம்பு கொஞ்சம் குறைந்திருந்தால் என்ன நடந்திருக்கும், வயிற்றில் பிள்ளை வந்தபோது என்ன நடந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். டொக்டர் அன்று சொன்னதைவிட விவரமாகச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் கவனமாகக் கேட்டாள். தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"இவ்வளவுதானா சித்தி?" என்றாள். "இத அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருந்தா எனக்கு விளங்கியிருக்குமே."